ஈறு நிறத்தில் ஒரு ஜாய்ஸ்டிக்

நான் பல் செய்கிறவள். டாக்டர் இல்லை. டாக்டர்கள் நோயாளியின் வாயில் அச்செடுத்து அனுப்புவார்கள். அதில் பிளாஸ்டர் ஊற்றி ஈறின் மாதிரியை எடுத்து, மெழுகு கட்டி, பல்வரிசையை அடுக்கி, வேகவைத்து, தேய்த்துப் பளபளப்பாக்கித் திருப்பி அனுப்புவது என் வேலை. மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் ஒரு சுக்கு மண்டியின் மாடியில் என் லேப் இருக்கிறது. உதவிக்கு ஒரு பெண் இருக்கிறாள். நாள் முழுவதும் ஊரார் வாயோடு பழகினாலும் அந்த வாய்களுக்குச் சொந்தக்காரர்கள் யாரென்று எங்கள் இருவருக்கும் தெரியாது. பையின்மேல் டாக்டர் பெயரும் பல்லின் நிறமும் எழுதியிருக்கும். பொருந்திவிட்டால் பேச்சே இருக்காது. பொருந்தாவிட்டால் பை திரும்பி வரும்.

அதனால், மழைக்காலத்தில் ஒரு மத்தியானம், அறுபதைத் தாண்டிய ஒருவர் குடையை மடக்கிக்கொண்டு மாடியேறி வந்து என் முன்னால் வாயை அகலத் திறந்து காட்டியபோது எனக்கு ஒன்றுமே புரியவில்லை.

"இது நீ செஞ்சதுதானே மோளே?"

மேல்வரிசை பல்செட். குனிந்து பார்த்தேன். கடைவாய்ப் பக்கம் ஈறை வளைத்திருந்த விதம் என் கைதான்.

"என்னதுன்னுதான் தோணுது இக்கா. எங்கயாவது உரசுதா?"

"உரசல. எலும்பே கடிக்கிறேன். அதான் டாக்டர்கிட்ட விலாசம் கேட்டு வந்தேன். இவ்வளவு பொருத்தமா பல்லு செய்யறவளுக்கு இது செய்ய முடியாதா?"

கையிலிருந்த பிஸ்கட் டப்பாவைத் திறந்து மேசையில் கவிழ்த்தார். துருப்பிடித்த ஒரு கம்பி. உள்ளங்கை அகலத்தில் ஒரு இரும்புத் தகடு, நடுவில் வட்டமாகப் பெரிய துளை, நான்கு பக்கமும் நான்கு சின்ன சுவிட்சுகள். அப்புறம் ஒரு காகிதப் பொட்டலம். அதைப் பிரித்தால் மஞ்சளாகக் கொஞ்சம் தூள், சில சில்லுகள். பழைய வெல்லத்தை உடைத்தது போல இருந்தது.

"இது எந்தா?" என்று கேட்டேன். அவர் பேச்சில் தமிழும் மலையாளமும் பாதிக்குப் பாதி. எங்கள் வீட்டிலும் அப்படித்தான். எந்தச் சொல் எந்தப் பக்கத்தது என்று யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. முஸ்லிம் வீட்டு ஆண்களில் மூத்தவரை இக்கா, பெண்களில் மூத்தவரை இத்தா என்போம்.

"கேம் மெஷின். பண்டு காலத்துது. காசு போட்டு, நின்னுக்கிட்டு களிக்கிறது, கண்டிருக்கியா? அதுல பிடிச்சு ஆட்டற கம்பி இது. கம்பி நிக்கறதுக்கு நடுவுல ஒரு பிளாஸ்டிக் இருந்தது. அதுதான் இந்தத் தூள்."

தோப்பும்படியில் ஒரு லேத் பட்டறைக்குப் போனாராம். மாதிரி கொண்டுவந்தால் கடைந்து தருகிறோம் என்றார்களாம். தூளைக் காட்டியதும் சிரித்தார்களாம். ஒரு டி.வி. மெக்கானிக் அந்த மெஷினின் திரையையும் உள்ளிருக்கும் போர்டையும் எப்படியோ உயிர்ப்பித்துவிட்டார், இந்த ஒரு சாமான் மட்டும் அவர் கைக்கு அடங்கவில்லை. புதிதாக ஒரு ஜாய்ஸ்டிக் வாங்கிப் போட்டால் என்ன என்று கேட்டேன். தலையை ஆட்டினார்.

"அவளுக்கு இதுதான் வேணும்."

'அவள்' என்றால் அவர் மனைவி என்று மட்டும் தெரிந்தது. அறுபது வயதுக்காரி ஒருத்திக்கு எதற்கு கேம் மெஷின் என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. முடியாது என்று சொல்லவும் நினைத்தேன். ஆனால் நான் செய்த பற்களால் எனக்கு நேராகச் சிரிக்கிற ஒருவரை அன்றைக்குத்தான் முதன்முதலில் பார்க்கிறேன். அந்தக் குழப்பத்தில் டப்பாவை வாங்கி வைத்துக்கொண்டேன்.

சில்லுகளை ஒன்றோடொன்று சேர்த்துப் பார்ப்பது எனக்குப் புதிதில்லை. கீழே விழுந்து உடைந்த பல்செட்டுகள் அப்படித்தான் வரும். சாயா நேரத்தில் நானும் அந்தப் பெண்ணும் மெழுகு வைத்து ஒட்டிப் பார்த்தோம். இரண்டு மூன்று நாளில் ஒரு உருவம் கிடைத்தது. கழுத்து வைத்த சின்ன மணி மாதிரி, நடுவில் கம்பி நுழைய ஒரு வழி. இல்லாத இடங்களைக் கம்பியின் தடிமனைப் பார்த்து மெழுகில் நிரப்பினேன். பிறகு வழக்கமான வேலைதான். பிளாஸ்டரில் புதைத்து, மெழுகை உருக்கி வடித்து, அந்த வெற்றிடத்தில் பல்செட் பிளாஸ்டிக்கை அடைத்து வேகவைத்தேன். எங்களிடம் இருப்பது ஈறு நிறம் ஒன்றுதான். ரோஜா நிறத்தில் பளபளவென்று ஒரு மணி வந்து நின்றது.

இக்கா அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "வாய்க்குள்ள வைக்கலாம் போல இருக்கு" என்றார்.

மறுநாளே திரும்பி வந்தார். மணி இரண்டாக உடைந்திருந்தது. பல்செட் பிளாஸ்டிக் கடிப்பதற்கு ஆனது, ஆட்டுவதற்கு ஆனதல்ல என்று அப்போதுதான் உறைத்தது. எங்களிடம் வளைகிற பல்செட்டுக்கான நைலானும் உண்டு. அதை உருக்கி அச்சுக்குள் செலுத்தி இரண்டாவதைச் செய்தேன். அதுவும் ஈறு நிறம்தான். கம்பியின் தலையில் இருக்க வேண்டிய உருண்டை எப்போதோ தொலைந்து போயிருந்ததால், அதையும் நானே உருட்டிக் கொடுத்தேன்.

இந்தத் தடவை உடையவில்லை. ஆனாலும் டப்பா திரும்பி வந்தது.

"என்னாச்சு இக்கா?"

"அவ அல்லன்னு பறயறா."

"எது அல்ல?"

"அறியில்ல. அல்லன்னுதான் பறயறா."

அல்ல என்றால் இதுவல்ல என்று அர்த்தம். எது இல்லை, எதனால் இல்லை என்று தெரியாமல் நான் எதைத் திருத்துவது? கம்பியை மாட்டி ஆட்டிப் பார்த்தேன். எல்லாப் பக்கமும் அளவில்லாமல் சாய்ந்தது. அதைத் தடுக்க ஏதாவது இருந்திருக்க வேண்டும். ஃபோனில் தேடினோம். உலகத்தில் இந்த மாதிரிப் பழைய மெஷின்களைப் பழுதுபார்த்து வைத்துக்கொள்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. படம் படமாகப் போட்டிருந்தார்கள். கம்பிக்கு அடியில் இன்னொரு தகடு, அதன் நடுவில் துளை, அந்தத் துளையின் விளிம்பு வரைக்கும்தான் கம்பி சாயும். ஒரு படத்தில் துளை சதுரம், இன்னொன்றில் வட்டம், வேறொன்றில் எட்டுமூலை. எது எந்த மெஷினுக்கு என்று அவர்களுக்குள்ளேயே சண்டை. படித்துப் படித்து எனக்குத் தலை சுற்றியது. பெரும்பாலான படங்களில் சதுரம்தான் இருந்தது. சதுரத்தையே செய்தேன்.

அதைத் திருகி மாட்ட இரும்புத் தகட்டில் துளைகள் இருந்தன. நான்கு போதும். ஆனால் எட்டு இருந்தன, வட்டமாக, சம இடைவெளியில். நான்கைச் சுற்றித் துரு படிந்து பழுப்பாக இருந்தது. மற்ற நான்கும் சுத்தமாக இருந்தன. ஏன் எட்டு என்று சிறிது நேரம் யோசித்தேன். செய்தவனுக்கே குழப்பமோ என்னவோ என்று நினைத்துக்கொண்டு, சுத்தமாக இருந்த நான்கில் திருகினேன்.

திரும்பி வந்தது. அல்ல.

உருண்டையைச் சற்றுப் பெரிதாகச் செய்தேன். அல்ல. சிறிதாகச் செய்தேன். அல்ல. கம்பி இறுக்கமாக இருக்கிறதோ என்று மணியின் உள்வழியைத் தேய்த்துத் தளர்த்தினேன். அதற்கும் அல்ல. டாக்டர்கள் அனுப்பும் பைகள் மேசையில் சேர்ந்துகொண்டே போயின. என் கூட இருந்த பெண் இக்காவின் குடையைப் படியில் பார்த்தாலே "சேச்சி, அல்ல வந்தாச்சு" என்று சொல்ல ஆரம்பித்தாள்.

ஒருநாள் எனக்குப் பொறுமை போய்விட்டது.

"இக்கா, நான் ஒண்ணு சொன்னா தப்பா எடுக்காதீங்க. இத்தாகிட்ட என்ன கொறைன்னு கேட்டு வாங்க. இறுக்கமா, லூஸா, உயரமா, ஏதாவது ஒண்ணு. வெறுதே அல்லன்னு பறஞ்சா நான் என்ன செய்ய முடியும்?"

அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். டப்பாவின் மூடியைக் கழற்றி மறுபடி போட்டார்.

"அவளுக்கு அது ஒண்ணுதான் வருது மோளே" என்றார்.

அப்போதுதான் சொன்னார். போன வருஷம் இத்தாவுக்கு ஸ்ட்ரோக். வலது கையும் காலும் விழுந்தன. கால் கொஞ்சம் தேறிவிட்டது. கை பாதி. பேச்சு போனது போனதுதான். ஒரே ஒரு சொல் மட்டும் எங்கேயோ மாட்டிக்கொண்டு நின்றுவிட்டது. பசிக்கிறதா என்றாலும் அதுதான், வலிக்கிறதா என்றாலும் அதுதான். சிரித்துக்கொண்டும் சொல்வார், அழுதுகொண்டும் சொல்வார்.

"கேட்டா எல்லாம் புரியுது. டாக்டரும் அப்படித்தான் பறஞ்சார். வெளிய வரத்தான் வழியில்ல."

மெஷின் கதையும் அன்றைக்குத்தான் முழுதாக வந்தது. இக்கா சரக்குக் கப்பலில் சமையல்காரராக இருந்தவர். வருஷத்தில் முக்கால்வாசி கடலில். இத்தா அந்தக் காலத்தில் தோப்பும்படியில் ஒரு ஷெட்டை வாடகைக்கு எடுத்து கேம் கடை நடத்தினார். துறைமுகத்தில் போட் வருவதற்குக் காத்திருக்கும் ஆட்கள், கல்லூரிப் பிள்ளைகள் எல்லோரும் வருவார்களாம். ஐந்தாறு மெஷின். ஏதாவது நின்றுபோனால் இத்தாவே முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, ஸ்க்ரூ டிரைவரோடு மெஷினுக்குள் தலையை விடுவாராம். கூட்டமில்லாத வேளையில் அவரே விளையாடுவாராம். கடை மூடியபோது மற்றதெல்லாம் போயின. ஒன்றை மட்டும் கொடுக்கவில்லை. அது வீட்டுப் பின்கட்டில் சாக்கு போர்த்திக் கிடந்தது.

"நான் லீவுல வந்தா ரெண்டு நாள் கடையில போய் இருப்பேன். எனக்கு கேரம்தான் தெரியும். இது எப்படி இருந்தது, என்னன்னு எனக்கு ஒண்ணும் அறியில்ல. பிசியோதெரபிக்கு வர்ற பெண்ணு பறஞ்சா, இஷ்டப்பட்ட ஏதாவது கையில கொடுங்கன்னு. தையல் மெஷின் கொடுத்தேன், பாசிமணி கொடுத்தேன். தள்ளிட்டா. அப்புறம் எனக்கு இது ஓர்மை வந்தது."

இத்தனை வாரமாக நான் திருத்தியதெல்லாம் எதை வைத்து? அந்த அல்லவை வைத்து. அந்த அல்லவுக்கோ அர்த்தமே இருக்கிறதா என்று தெரியாது. ஒருவேளை முதல் நைலான் மணியே சரியாக இருந்திருக்கலாம்.

"இக்கா, அவங்க சொல்றத ஒரு தடவ ரெக்கார்ட் பண்ணி அனுப்புங்க" என்றேன்.

வாய்ஸ் மெசேஜ் அன்று மாலையே வந்தது. மெஷினின் டிங் டிங் சத்தத்துக்கு நடுவே ஒரு பெண் குரல். நான் நினைத்ததைவிடக் கனமான, தெளிவான குரல். எனக்கு அது "அல்லே" என்று கேட்டது. எங்கள் ஊர்ப் பேச்சில் அல்லே என்றால் 'அப்படித்தானே?' என்று அர்த்தம். அல்ல என்பதற்கு நேர் எதிர். கூட இருந்த பெண்ணிடம் கொடுத்தேன். அவள் கேட்டுவிட்டு "அல்லதான் சேச்சி, சந்தேகமே இல்ல" என்றாள். வீட்டில் என் கணவரிடம் போட்டுக் காட்டினேன். அவர் கார்ப்பரேஷனில் சுகாதாரப் பிரிவில் வேலை பார்க்கிறவர், தெருத்தெருவாக எல்லா வீட்டுப் பேச்சையும் கேட்கிறவர். இரண்டு முறை கேட்டார்.

"அவங்க படைச்சவனக் கூப்பிடறாங்க. அல்லான்னு" என்றார்.

மூன்று பேர், மூன்று அர்த்தம். வேண்டாம் என்கிறாரா, சரிதானே என்கிறாரா, ஆண்டவனை அழைக்கிறாரா? அடுத்த நாள் முழுவதும் வேலை ஓடவில்லை. ஒரு கீழ்வரிசையில் முன்பல்லை இடம் மாற்றி வைத்துவிட்டு, அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். பிறகு கையைக் கழுவிக்கொண்டு கிளம்பினேன். பல் செய்ய ஆரம்பித்த இத்தனை வருஷத்தில் ஒரு நோயாளியை நேரில் பார்க்கப் போனது அதுதான் முதல்முறை.

அவர்கள் வீடு லேப்பிலிருந்து நடக்கிற தூரம்தான். ஒருவர் வந்தால் எதிரே வருகிறவர் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டிய சந்து. முன்னறையில் ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்தில் அந்த மெஷின் நின்றது. பீரோ உயரம். ஓரங்களில் பலகை உப்பியிருந்தது. இத்தா உயரமான ஒரு ஸ்டூலில் அதன் முன் உட்கார்ந்திருந்தார். வெளுத்த முகம், தலையில் முக்காடாகத் தட்டம், மூக்கு நுனியில் கண்ணாடி. என்னைப் பார்த்ததும் கண்ணை இடுக்கினார்.

"பல்லு செய்யற பெண்ணு. இது செஞ்சு தர்றது இவதான்" என்றார் இக்கா.

"அல்ல" என்றார் இத்தா. புன்னகையோடு சொன்னார். கடைசி எழுத்து சற்றே மேலே போனது. அல்லவா, அல்லேயா என்று இவ்வளவு பக்கத்திலிருந்து கேட்டும் எனக்குப் பிடிபடவில்லை.

இக்கா அவருடைய வலது கையை எடுத்து ஜாய்ஸ்டிக்கின் மேல் வைத்தார். இத்தா அதை இடது கையால் எடுத்து மடியில் போட்டுவிட்டு, இடது கையால் என் ரோஜா நிற உருண்டையைப் பிடித்தார். இக்கா மறுபடி வலது கையை எடுத்தார். இத்தா மறுபடி மடியில் போட்டார். "இதத்தான் அல்லங்கறாளோன்னு ஒரு சம்சயம் எனக்கு" என்று இக்கா என்னிடம் முணுமுணுத்தார். நான்காவது அர்த்தமோ ஐந்தாவது அர்த்தமோ, எனக்குக் கணக்கு விட்டுப்போயிருந்தது.

விளையாட்டு ஆரம்பித்தது. வரப்பு வரப்பாக ஒரு வயல், அதற்குள் ஒரு முயல் ஓடி காரட் பொறுக்க வேண்டும். நரிகள் துரத்தும். நேர் வரப்பில் முயல் நன்றாக ஓடியது. ஒரு முனைக்கு வந்து திரும்ப வேண்டிய இடத்தில் அப்படியே நின்றது. நரி வந்து பிடித்தது. இத்தா "அல்ல" என்றார். அடுத்த ஆட்டத்தில் வேறொரு முனையில் நின்றது. "அல்ல." இப்போது சிரிப்பு இல்லை. உள்ளங்கையால் பலகையைத் தட்டினார். திரும்புகிற இடங்களில்தான் முயல் நிற்கிறது என்பது எனக்கே தெரிந்தது. ஏன் என்று மட்டும் தெரியவில்லை.

"கையாலதான் ஷரியா வரல, பாவம்" என்றார் இக்கா.

இத்தா அவரைத் திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. பிறகு என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து, என் கையை உருண்டையின் மேல் வைத்து, அதன்மேல் தன் இடது கையை வைத்தார். கை சூடாக, வலுவாக இருந்தது. கம்பியை மேலே தள்ளினார். பிறகு வலது பக்கம். இரண்டுக்கும் நடுவில், சதுரத்தின் மூலையில், கம்பி போய் வசதியாக உட்கார்ந்துகொண்டது. அந்த மூலையிலேயே என் கையை அழுத்திப் பிடித்தார். இரண்டு சுவிட்சுகள் ஒன்றாக டக்கென்றன. திரையில் முயல் நின்றுவிட்டது. மேலே போ, வலது பக்கம் போ என்று இரண்டு உத்தரவும் ஒரே நேரத்தில் போனால் அது எங்கே போகும்?

"அல்ல" என்று என் காதருகில் சொன்னார். பாடம் நடத்துகிற தொனியில் அல்ல, எரிச்சலாக. எத்தனை நாள் சொல்வது என்பது போல.

மூலை கூடாது என்கிறார் என்று புரிந்தது. மூலை இல்லாத சதுரம் எப்படிச் செய்வது? வட்டமாகச் செய்தாலும் கம்பி நடுவாந்திரத்தில் போகத்தானே செய்யும்? நான் விழித்துக்கொண்டு நிற்க, இத்தா ஸ்டூலிலிருந்து மெல்ல இறங்கி, மெஷினின் முன்பலகையின் அடியில் விரலைக் கொடுத்து எதையோ தேடினார். ஒரு கொக்கி. அப்படி ஒரு கொக்கி இருப்பதே இக்காவுக்குத் தெரியாது. அவரும் மெக்கானிக்கும் அதுவரை பின்பக்கமாகத் தலையை நுழைத்துத்தான் வேலை செய்திருக்கிறார்கள். பலகை பெட்டிமூடி போலத் திறந்தது. உள்ளே நான் செய்த ரோஜா நிறத் தகடு, அதைச் சுற்றி எட்டுத் துளைகள்.

இத்தா ஆள்காட்டி விரலை ஒரு துருப்பிடித்த துளையில் வைத்தார். என்னைப் பார்த்தார். அடுத்த துருப்பிடித்த துளைக்கு விரலை நகர்த்தினார். மறுபடி என்னைப் பார்த்தார். மூன்றாவது. நான்காவது.

"அல்லே?" என்றார்.

இந்தத் தடவை எந்தச் சந்தேகமும் இல்லாமல் அல்லே.

துருப்பிடித்திருந்தால் உபயோகமில்லாத துளை என்று நான் நினைத்திருந்தேன். வருஷக்கணக்கில் திருகாணி இருந்த இடத்தில்தானே அதன் துரு படியும்? என் தகட்டைக் கழற்றி, சற்றே திருப்பி, அந்த நான்கு துளைகளுக்கு நேராகப் பிடித்தேன். சதுரம் சாய்ந்து சீட்டுக்கட்டின் டைமண்ட் போல நின்றது. இப்போது அதன் மூலைகள் நேர் மேலே, நேர் கீழே, நேர் இடது, நேர் வலது. கம்பி அந்த நான்கு மூலைக்குள் மட்டும்தான் முழுசாகப் போக முடியும். நடுவாந்திரத்தில் போனால் விளிம்பு தடுத்துவிடும். செய்ததில் ஒரு குற்றமும் இல்லை, திருப்பி வைத்திருந்தேன், அவ்வளவுதான். துரு ஏறிய துளைகளுக்குள் என் திருகாணிகள் லேசில் ஏறவில்லை. இக்கா சமையலறையிலிருந்து தேங்காயெண்ணெய் கொண்டுவந்தார். இத்தா இடது கையால் டார்ச் அடித்தார்.

பலகையை மூடினோம். முயல் முனைக்கு வந்தது, திரும்பியது. அடுத்த முனையில் திரும்பியது. இத்தா கண்ணிமைக்காமல் ஆடினார். நரியைப் பக்கத்தில் வரவிட்டு, கடைசி நொடியில் வேறு வரப்புக்குள் நழுவினார். மடியில் கிடந்த வலது கை எப்போது எழுந்தது என்று நான் கவனிக்கவில்லை. அது பலகையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தது. இக்கா அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். எதுவும் சொல்ல வேண்டாம் என்று எனக்கு ஜாடை காட்டினார்.

ஒவ்வொரு காரட்டுக்கும் இத்தா வாய்க்குள் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தார். அதே சொல்தான். அது அல்லவா, அல்லேயா, என் கணவர் சொன்னதா என்று நான் கூர்ந்து கேட்டேன். ஒவ்வொரு தடவையும் ஒவ்வொன்றாகக் கேட்டது. லேப்புக்குத் திரும்பும் வழியெல்லாம் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துக்கொண்டே நடந்தேன். எதிரே கைவண்டி தள்ளி வந்தவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு டப்பா வரவில்லை. பொருந்தினால் பேச்சிருக்காது என்று நானும் என் வேலையில் விழுந்தேன். மழை விட்டு, மண்டிக்காரர்கள் சுக்கை வெயிலில் பரப்ப ஆரம்பித்திருந்த ஒரு காலையில் இக்கா ஃபோன் செய்தார்.

"மோளே, ஒண்ணு வா. அவ புதுசா ஒண்ணு பறஞ்சா."

"என்ன இக்கா?"

"மாறு."

"மாறா?"

"மாறுன்னு பறஞ்சா. ரெண்டு தடவ பறஞ்சா. ஸ்டிக்க மாத்தச் சொல்றாளா? நீ செஞ்சது தேஞ்சு போச்சா? நான் அந்த உருண்டையக் கழட்டப் போனேன், கையிலயே ஒரு அடி வெச்சா."

தமிழில் மாறு என்றால் வேறாக ஆகு. மலையாளத்தில் மாறு என்றால் தள்ளிப் போ. அந்த வீட்டில் இரண்டும் புழங்கும். அவர் அழுகிறாரா சிரிக்கிறாரா என்று ஃபோனில் கண்டுபிடிக்க முடியவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று புதிய நைலான் மணி ஒன்றையும் ஸ்க்ரூ டிரைவரையும் பையில் போட்டுக்கொண்டு போனேன்.

இத்தா ஆடிக்கொண்டிருந்தார். கம்பி நன்றாகத்தான் இருந்தது. நான் பின்னால் நின்று ஒவ்வொரு பக்கமும் சுவிட்ச் விழும் சத்தத்தைக் கேட்டேன். நான்கும் டக் டக்கென்று சுத்தமாக விழுந்தன. இக்கா மெஷினின் பக்கவாட்டில் தோளைச் சாய்த்துக்கொண்டு, மனைவியின் முகத்துக்கு மிக அருகில் நின்றார். மறுபடியும் ஏதாவது சொல்வாரா என்று உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். ஜன்னல் வெளிச்சம் அவர் முதுகில் விழுந்தது. திரையின் பாதி அவருடைய நிழலில் இருந்தது.

"இக்கா, நீங்க எப்பவும் இங்கதான் நிப்பீங்களா?"

"ஆமா. காலையிலருந்து."

"கொஞ்சம் தள்ளி நின்னு பாருங்க."

நகர்ந்தார். நிழலும் நகர்ந்தது. இத்தா ஒன்றும் சொல்லவில்லை. திரும்பியும் பார்க்கவில்லை. முயல் ஒரு முனையில் சட்டென்று திரும்பி ஓடியது.

"அப்ப என்னத்தான் போகச் சொன்னாளா?" என்றார் இக்கா மெதுவாக. அதைக் கேட்டதும் அவர் முகத்தில் வந்தது சந்தோஷமா, வருத்தமா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அவருக்கே தெரிந்திருக்காது. ஒரு வருஷம் கழித்து வாயிலிருந்து வந்த புதிய சொல், அது அவரை விலகிப் போகச் சொல்வது.

"அப்படித்தான் தோணுது. நிச்சயமா சொல்ல முடியாது" என்றேன்.

அவர் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய், சமையலறை வாசலில் போட்டு உட்கார்ந்தார்.

"அங்கருந்து என்ன தெரியும் இக்கா?"

"முதுகு தெரியுது" என்றார்.

இத்தாவின் வலது கை விளிம்பில் இருந்தது. அடுத்த ஆட்டத்துக்கான மணி அடித்தது. எடுத்துவந்த நைலான் மணியைப் பையிலிருந்து எடுக்காமலேயே, செருப்பை மாட்டிக்கொண்டு சந்தில் இறங்கினேன்.